குப்பி விளக்கும் கைத்தொலைபேசியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், தொண்ணூறுகளில் கல்வி கற்ற வகுப்பொன்றின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



'பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளை வளர்ப்பு' என்ற தலைப்பை விழாக்குழு எங்கள் வகுப்பிடம் தந்தபோது, முதலில் நாங்கள் மறுத்தோம். இதைப் பேச ஒரு உளநல வைத்தியரை அழைப்பதுதானே முறை என்றோம். அதற்குக் குழுவிலிருந்த ஓர் அக்கா, "வைத்தியர் வந்தால் எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லுவார். நீங்கள் எப்படி வளர்த்தீர்கள் என்று சொல்லுங்கோ" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. எங்களுக்குள் ஆசிரியைகள் இருக்கிறார்கள், வங்கியிலும் கச்சேரியிலும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், இலண்டனில் தாதி ஒருத்தி இருக்கிறாள், வீட்டில் இருப்பவர்கள் பலர். எல்லோரும் வட்ஸ்அப் குழுவில் எழுதியும் பேசியும் அனுப்பியதைத் தொகுத்துத்தான் இங்கே வாசிக்கிறோம். வாசிக்கும் குரல் ஒன்று என்பதால் குற்றமெல்லாம் அவளுடையது என்று எண்ணிவிடாதீர்கள்.

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. மறுநாள் முதல் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்ற செய்தி வந்தபோது எங்கள் பிள்ளைகள் துள்ளினார்கள். பொய் சொல்வானேன், எங்களில் சிலருக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். விடியப்புறம் எழும்பிச் சாப்பாடு கட்டும் வேலை கொஞ்ச நாளைக்கு இல்லை. அடுத்த வாரம், மார்ச் 20ஆந் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. அதன்பின் யாழ்ப்பாணத்தில் வாரக்கணக்கில் வீட்டைவிட்டு வெளிக்கிட முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் குழுவில் வந்த படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. முருங்கையிலைச் சுண்டல், பலாக்கொட்டைக் கறி, அவன் இல்லாமல் சட்டிக்குள் மணல் போட்டுச் சுட்ட கேக், பழைய சேலையில் தைத்த முகக்கவசம், பிள்ளைகள் தாயம் விளையாடும் படம். ஒருத்தி படம் போட்டால் மற்றவள் அதைவிட நல்லதாக ஒன்று போடுவாள். எல்லா வீடும் நன்றாகவே இருந்தது, படத்தில்.

பிறகு படிப்பு தொலைபேசிக்குள் வந்தது. வகுப்பாசிரியை செயலட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார். அச்செடுக்கக் கடை இல்லை. சின்னத் திரையைப் பார்த்து நாங்கள் கொப்பியில் எழுதிக் கொடுக்க, அதைப் பிள்ளை செய்ய, செய்ததைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இது மூன்று பள்ளிக்கூடம். தொலைபேசியோ ஒன்று. அதுவும் தகப்பன் வேலைக்குப் போனால் அவரோடு போய்விடும். எங்களில் ஆசிரியையாக இருப்பவளின் கதை இன்னும் மோசம். சாமியறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது பிள்ளைகளுக்கு அவள் கணிதம் படிப்பிக்க, அவளது சொந்த மகன் தன் வகுப்பைத் தவறவிட்டுக் கதவுக்கு வெளியே குந்தியிருப்பான். நேத்ரா தொலைக்காட்சியில் பாடம் போனது. மின்சாரமும் நேரமும் ஒத்துவந்த வீடுகளில் பார்த்தார்கள். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தாங்கியில் ஏறிய பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். போகிட்டியாவ என்ற மலைக் கிராமத்தில் ஆசிரியையும் மாணவரும் காட்டுவழியே நடந்து பாறையில் ஏறிப் பாடம் இறக்கிய செய்தி உலகப் பத்திரிகைகளிலேயே வந்தது.

பரீட்சைகள் தள்ளிக்கொண்டே போயின. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை 2020இல் ஒக்ரோபர் 11ஆந் திகதி நடந்தது. மினுவாங்கொடையில் தொற்று வெடித்து அப்போது ஒரு கிழமை. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு 2021இல் பரீட்சை நடக்கவேயில்லை. 2022 ஜனவரி 22ஆந் திகதிதான் நடந்தது. பத்து வயதுப் பிள்ளையை ஒரே பரீட்சைக்காக இரண்டு வருடம் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று இழுத்துச் சென்ற தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அந்தப் பரீட்சையை எழுதியது பிள்ளையா தாயா என்று கேட்டால், விடை உங்களுக்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் வெட்கம். எங்கள் வகுப்பில் ஏறக்குறைய எல்லோருமே அந்த நாட்களில் பிள்ளையைப் பார்த்து ஒரு வசனம் சொல்லியிருக்கிறோம். வீட்டுக்கு வீடு சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும், சாரம் ஒன்றுதான். "நாங்கள் ஷெல்லடிக்குள்ள படிச்சனாங்கள். உனக்கு இப்ப என்ன குறை?"

அது உண்மைதான். 1990க்குப் பின் எங்கள் வீடுகளில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் திரி இழுத்துக் கொளுத்திய விளக்கில்தான் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தம்பி பெடல் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, மழைக்குள், புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வலிகாமத்தை விட்டுச் சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தோம். இதையெல்லாம் தாண்டிப் பரீட்சை எழுதினோம் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைத்தான் தடியாக எடுத்துப் பிள்ளைகளை அடித்தோம்.

எங்கள் தோழி ஒருத்திக்கு அப்போது பதின்மூன்று வயது மகள். நல்ல கெட்டிக்காரி. காலையில் தொலைபேசியோடு அறைக்குள் போனால் வகுப்பு முடிய வருவாள். தாய் நிம்மதியாக இருந்தாள். 2021இல் மறுபடியும் பள்ளிக்கூடம் பூட்டிய பிறகு, ஒருநாள் கொப்பிகளை எடுத்துப் பார்த்தால் நான்கு மாதமாக ஒரு வரி எழுதப்படவில்லை. வகுப்புக்குள் நுழைந்துவிட்டு, கமராவை மூடிவிட்டு, மகள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்திருக்கிறாள். நான்கு மாதமும் அப்படியே. தாய் குசினியில் கைக்கு அகப்பட்ட அகப்பைக் காம்பால் அடித்தாள். தொலைபேசியைச் சுவரில் எறிந்தாள். எறிந்துகொண்டே அந்த வசனத்தையும் சொன்னாள். மகள் அழவில்லையாம். கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டாளாம்: "அம்மா, நீங்கள் பங்கருக்குள்ள தனியவோ இருந்தனீங்கள்?"

அன்று சாமம் இரண்டு மணிக்கு அவள் கணவனின் தொலைபேசியிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள். ஆறு நிமிடம். அடித்ததையும் சொன்னாள், மகள் கேட்டதையும் சொன்னாள். கடைசியில், "எனக்கு இந்தப் பிள்ளையளை வளர்க்க ஏலாமல் கிடக்கு. ஓடிப்போய்விடலாம் போல கிடக்கு" என்றாள். அதுவரை கேக்கும் சுண்டலும் போட்டுக்கொண்டிருந்த குழு. முதல் மறுமொழி வரப் பத்து நிமிடம் பிடித்தது. ரொறன்ரோவில் அப்போது பின்னேரம். அங்கிருந்த தோழி, "நான் போன கிழமை காருக்குள்ள போய் இருந்து கத்தினனான்" என்று எழுதினாள். பிறகு விடியும்வரை தொலைபேசி ஓயவில்லை.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நாங்கள் விடை தேடினோம். பங்கருக்குள் நாங்கள் தனியே இருக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர், அவர்களின் ஆடு, அப்பம்மா, அப்பம்மாவின் தேவாரம் எல்லாம் எங்களோடு இருந்தன. இடம்பெயர்ந்து ஒரு வீட்டில் ஐந்து குடும்பம் இருந்தபோது சண்டை பிடித்தோம், பேன் பார்த்தோம், மாமரத்துக்குக் கீழே பாய் விரித்து ஒரு புத்தகத்தை நான்கு பேர் பார்த்துப் படித்தோம். விமானம் சுற்றும்போது தோழியின் முழங்கால் எங்கள் முழங்காலோடு முட்டிக்கொண்டிருக்கும். பயம் பெரிது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான பயம். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது குண்டையும் விளக்கையும் சொன்னோம், அந்த முழங்காலைச் சொல்ல மறந்தோம். எங்கள் பிள்ளைக்கு மின்சாரம் இருந்தது, சோறு இருந்தது. முழங்கால்தான் இல்லை.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்திலும் சமூகத்திலும் தங்கும் என்று நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார். வாசித்தபோது அது வேறு யாரையோ பற்றியது என்று நினைத்தோம். எங்கள் குசினியில் அகப்பைக் காம்பாக அது இருந்ததை அன்றுதான் கண்டோம்.

எங்களில் இன்னொருத்தி இதைக் கேட்டபின் தன் தாயிடம் போனாள். தாய்க்கு எழுபது தாண்டிவிட்டது. "அம்மா, அந்த நேரம் எங்களை அடிச்சனீங்களோ? எனக்கு ஞாபகம் இல்லை" என்று கேட்டாள். "அடிச்சனான்" என்றார் அம்மா. "அடிச்சுப்போட்டுக் கிணத்தடியில போய் நிண்டு அழுவன். பக்கத்து வீட்டு மணியக்காவும் அங்கதான் நிண்டு அழுவா." பெற்றோரின் மனஅழுத்தம் என்பதை எங்களுக்குப் பிறகு பலர் பலவிதமாக விளக்கினார்கள். அந்தக் கிணற்றடி விளக்கத்தை எதுவும் மிஞ்சவில்லை.

படித்ததில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறோம். பெல்ஜியத்தின் லூவான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொஸ்காம், மிக்கோலாய்ச்சாக் என்னும் இரு ஆய்வாளர்கள், பிள்ளை வளர்ப்பிலேயே ஒருவர் முற்றாகக் களைத்து எரிந்துபோகும் நிலையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள். 42 நாடுகளைச் சேர்த்து அவர்கள் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. அவரவர் பாட்டைத் தனித்தனியே பார்க்கும் பண்பாடுகளில்தான் இந்தக் களைப்புக் கூட என்பது அதில் தெரிந்தது. அப்படியென்றால் நாங்கள் தப்பியிருக்க வேண்டுமே? எங்களுக்கு அம்மம்மா உண்டு, சித்தி உண்டு, மதிலுக்கு மேலால் கறி தரும் அயல் உண்டு. கொவிட் செய்தது இதுதான்: அம்மம்மாவுக்குத் தொற்றக்கூடாதென்று பிள்ளையை அவரிடமிருந்து பிரித்தது, மதிலுக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொன்னது. ஒருவருக்குத் தொற்று என்றால் படலையில் அறிவித்தல் ஒட்டினார்கள். அதன்பின் அயலவர் அந்தப் பக்கம் பார்ப்பதையும் நிறுத்தினார்கள். ஒவ்வொரு வீடும் தனித் தீவானது. கிணற்றடி இருந்தது, மணியக்காதான் இல்லை.

அப்பாமாரையும் சொல்ல வேண்டும், அல்லது வீட்டுக்குப் போனால் எங்களுக்குச் சோறு இல்லை. நாட்கூலிக்குப் போனவருக்கு வேலை நின்றது. வான் ஓடியவரின் வான் வளவுக்குள் நின்றது, லீசிங் நிற்கவில்லை. அரசாங்கம் தந்த 5000 ரூபா எத்தனை நாளைக்கு? உழைக்க முடியாத ஆண் வீட்டுக்குள் இருப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் படிப்பித்திருக்கவில்லை. சிலர் பேசாமல் இருந்தார்கள். சிலர் கத்தினார்கள். ஒருவர் மட்டும் மகளுக்குத் தலை பின்னப் பழகினார். இப்போதும் அவர்தான் பின்னுகிறார், எங்களைவிட நேராக.

வெளிநாட்டில் இருந்த தோழிகளின் நிலை வேறு. மெல்பேணில் இருப்பவள் மொத்தமாக 262 நாள் முடக்கத்தை அனுபவித்தாள். ஒன்ராறியோவில் 2021 ஏப்ரலில் பூட்டிய வகுப்பறை அந்தக் கல்வியாண்டு முடியும்வரை திறக்கவில்லை. இலண்டனில் தாதியாக இருந்த தோழி வேலை முடிந்து வந்து, கராச்சுக்குள் உடுப்பு மாற்றி, குளித்து, தனியறையில் படுத்தாள். ஐந்து வயது மகன் அறைக்கதவுக்குக் கீழால் தான் கீறிய படங்களைத் தள்ளிவிடுவானாம். எல்லாப் படத்திலும் அம்மா மட்டும் வீட்டுக்கு வெளியே நிற்பாள். இதை அவள் எங்களுக்குச் சொன்னது ஒரு வருடத்துக்குப் பிறகு. ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டோம். "நீங்கள் எல்லாரும் கேக் சுட்டுக்கொண்டு இருந்தனீங்கள்" என்றாள். அந்தச் சொல் இன்னமும் சுடுகிறது.

குரல்பதிவு வந்த இரவுக்குப் பிறகு நாங்கள் ஒரு சட்டம் போட்டோம். சாப்பாட்டுப் படம் போடுவதென்றால், அன்று வீட்டில் நடந்த ஒரு சண்டையையும் எழுத வேண்டும். மூன்று நாளில் சாப்பாட்டுப் படம் நின்றது, சண்டை நிற்கவில்லை. அது போதுமாக இருந்தது. இளைப்பாறிய எங்கள் ஆசிரியை ஒருவர், பெயர் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார், எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கிழமைக்கு ஒருதரம் தொலைபேசியில் அழைத்து ஐந்து நிமிடம் பேசினார். பாடம் கேட்கவில்லை. என்ன சாப்பிட்டாய், பூனை குட்டி போட்டதா, யாரோடு கோபம் என்றுதான் கேட்பார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பிள்ளை முதலில் எழுந்து உட்கார்ந்தது அந்த அழைப்புக்குத்தான். ரொறன்ரோத் தோழியின் மகளும் அவளும் ஒருவருக்கொருவர் ஆங்கிலமும் தமிழும் திருத்தத் தொடங்கினார்கள். திருத்தியதைவிடச் சிரித்ததுதான் கூட. 2021 யூலையிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம், சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழி வகுப்பிலிருந்தும் விலகியிருந்தபோது (அவர்கள் கேட்டது நியாயம் என்பது எங்களிலுள்ள ஆசிரியைகளின் கட்சி, மற்றவர்களும் இப்போது அதை ஒத்துக்கொள்கிறோம்), எங்கள் பிள்ளைகளுக்கு இருந்த வகுப்பு அது ஒன்றுதான்.

நாங்கள் அடிப்பதை முற்றாக நிறுத்திவிட்டோம் என்று இந்த மேடையில் சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் அடித்த அன்றே பிள்ளையிடம் போய் "அம்மா செய்தது பிழை" என்று சொல்லப் பழகினோம். எங்கள் தாய்மார் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. நாக்குப் புரளவில்லை. இங்கிலாந்தின் குழந்தை வைத்தியர் வினிக்கொட், போர்க் காலத்தில் வானொலியில் தாய்மாருடன் பேசியவர். பிள்ளைக்குக் குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் போதும் என்பது அவர் கருத்து. அதை ஒருத்தி குழுவில் போட, மற்றவள் "எவ்வளவு போதும் என்று அளவைச் சொல்லச் சொல்லு" என்று எழுதினாள்.

இப்போது இந்த மண்டபத்துக்கு ஒரு வேண்டுகோள். 2020 ஜனவரியில் முதலாம் தரத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுவந்த பிள்ளைகள் மார்ச் மாதத்தோடு வீட்டுக்குப் போனார்கள். எழுதப் பழக வேண்டிய வயது, பக்கத்தில் இருப்பவளுடன் அழிறப்பரைப் பங்குபோடப் பழக வேண்டிய வயது, தொலைபேசித் திரையோடு போனது. எங்களிலுள்ள ஆசிரியைகள் அந்தப் பிள்ளைகளை வகுப்பில் அடையாளம் காண்கிறார்கள். சிலர் கேள்வி கேட்டால் வாய் திறப்பதில்லை, சிலர் கதிரையில் இருப்பதில்லை. அவர்களைப் பார்த்து 'எங்கள் காலத்தில்' என்று தொடங்க வேண்டாம். நூற்றாண்டு நிதியில் இன்னுமிரண்டு திறன்பலகை வாங்குவதாக முடிவாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டோம். எமது கல்லூரியில் வழிகாட்டல் ஆலோசனை அறை என்று ஓர் அறை இருக்கிறது. போய்ப் பார்த்தோம். வலைப்பந்துக் கம்பமும் உடைந்த கதிரைகளும் இருக்கின்றன. அந்தக் கதிரைகளை எடுத்துவிட்டு, இரண்டு நல்ல கதிரை போட்டு, கிழமையில் இரண்டு பின்னேரம் அதற்கெனப் பயின்ற ஒருவரை இருத்த நிதி ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தாய்மாருக்கும். திறன்பலகை அடுத்த வருடமும் கடையில் இருக்கும். அதுவரையில், சாமம் இரண்டு மணிக்கு யாரும் இல்லாதபோது, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும், சிறுவருக்கான 1929 என்ற இலக்கமும் இருக்கின்றன. எங்களுக்கு அப்போது இவை தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருப்போமா என்பது வேறு கதை.

2022இல் மின்சாரம் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்கூட நின்றது. யூனிலும் யூலையிலும் எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் திரும்பவும் பூட்டின. ஓர் இரவு அந்த மகள் ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, "அந்த விளக்கு எப்படிச் செய்தனீங்கள்? காட்டுங்கோ" என்று தாயிடம் கேட்டாள். வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை. தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். சரியாக எரியவில்லை. இருட்டுக்குள் இருந்து இரண்டு பேரும் கதைத்தார்கள். அன்று அவள் பங்கர்க் கதை முழுவதையும் கேட்டாள், ஆடு உட்பட.

இந்த உரையில் தன் கதையைச் சொல்ல அவளிடம் அனுமதி கேட்டோம். இரண்டு நிபந்தனை போட்டாள். பெயர் சொல்லக்கூடாது. சுவரில் எறிந்த தொலைபேசி இப்போதும் வேலை செய்கிறது, திரைதான் வெடித்திருக்கிறது, அதை அம்மா பாவிக்கிறா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொல்லிவிட்டோம்.